எம்.ஜி.பி. டேஷ்போர்டு மீட்டர்கள்: முதலில் ஸ்டெபிலைசரைப் பாருங்கள்

1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் மீட்டர் தப்பாகக் காட்டினால் பலரும் முதலில் செய்வது மீட்டரைக் கழற்றுவது. அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. இந்த வண்டியில் இருக்கும் ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்கள் லேசில் சாவதில்லை. கோளாறு பெரும்பாலும் எர்த்திலோ (வண்டியின் உடம்போடு சேரும் இணைப்பு), மீட்டர்களுக்கு வோல்டேஜைச் சீராக்கிக் கொடுக்கும் ஸ்டெபிலைசரிலோ, பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டிலோதான்.

பெட்ரோல் மீட்டரும் மின்சார வெப்ப மீட்டரும் உள்ள வண்டியில், இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறி நின்றாலோ சேர்ந்து படுத்துவிட்டாலோ ஸ்டெபிலைசரைச் சந்தேகியுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் திருகியிருக்கும் சின்னத் தகரப் பெட்டி அது. உள்ளே சூடாக்கும் கம்பி சுற்றிய இரட்டை உலோகத் தகடு ஒன்று வளைந்து வளைந்து காண்டாக்ட்டைத் திறந்து மூடும். 12, 14 வோல்ட் விட்டுவிட்டுப் போவதால் சராசரி 10 வோல்ட் ஆகிறது. மீட்டரும் சூட்டில் மெதுவாக அசையும் வகைதான் என்பதால் அந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது.

காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இரண்டு முள்ளும் மேலே; திறந்தபடியே நின்றால் இரண்டும் கீழே. மூன்றாவது காரணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் உடம்புதான் எர்த். திருகில் துரு ஏறினால் உள்கம்பி சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். புது ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் திருகைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டிப் பாருங்கள். சோதனைக்கு, மீட்டர்களுக்குப் போகும், ஐ (I) என்று குறித்த டெர்மினலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு பல்பைப் பிடித்தால் மினுக் மினுக்கென்று எரிய வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர் இங்கே உதவாது, எண் தாவிக்கொண்டே இருக்கும்.

பழையதைப் பழுதுபார்ப்பதைவிட, அதே தகரப் பெட்டிக்குள் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைப்பதே நீண்டகாலத்துக்கு நிம்மதி. இரண்டு மீட்டரும் சேர்ந்து கால் ஆம்பியர்கூட இழுக்காது. பெட்டியே சூட்டைத் தாங்கிக்கொள்ளும். 7810 என்ற 10 வோல்ட் ரெகுலேட்டர் சிப் போதும், உள்ளே வரும் பக்கம் 0.33, வெளியேறும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். ஒரு குறை உண்டு. அதற்கு ஏறத்தாழ 2 வோல்ட் உபரி வேண்டும். இரவில் ஹெட்லைட் எரிய வண்டி ஐடிலில் நிற்கும்போது வோல்டேஜ் 12-க்குக் கீழே போனால் முள்ளும் இறங்கும். குறைந்த உபரியே போதும் என்கிற எல்.எம்.2940 சிப்பின் 10 வோல்ட் வகையில் இந்தத் தொல்லை இல்லை. அதற்கு வெளியேறும் பக்கம் 22 மைக்ரோஃபாரட் கட்டாயம், இல்லையென்றால் வோல்டேஜ் அலைபாயும். பழைய பெட்டியை நிமிர்த்தித்தான் மாட்ட வேண்டும், இதை எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம்.

1967 வரையிலான வண்டிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். அங்கே 7810 ஆகாது, நெகட்டிவ் வோல்டேஜுக்கான 7910 வேண்டும். அதன் உலோக முதுகு எர்த் அல்ல, உள்ளே வரும் மின்சாரம். மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் பெட்டியில் திருகினால் நேரடி ஷார்ட்தான்.

ஒரு முள் மட்டும் கெட்டால் கதை வேறு. பெட்ரோல் மீட்டருக்கு டேங்க்கில் உள்ள பச்சை-கறுப்பு வயரைக் கழற்றி, 68 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தில் வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் முள் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். வந்தால் மீட்டர் நல்லது. டேங்க் யூனிட்டையும் அதன் எர்த்தையும் பாருங்கள். வயரை நேரடியாக எர்த்தில் வைத்துச் சோதிப்பவர்கள் சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும், மீட்டரின் உள்கம்பி கருகிவிடும். மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுப்பது அதைவிட மோசம்.

யூனிட்டும் சரி, வோல்டேஜும் சரி, ஆனாலும் முள் கொஞ்சம் தள்ளியே நிற்கிறதா? மீட்டரின் முதுகில் இரண்டு சின்னத் துளைகள் கார்க்கால் அடைத்திருக்கும். கார்க்கை எடுத்தால் உள்ளே திருப்பும் பள்ளங்கள் தெரியும், ஒன்று காலிக்கு, ஒன்று நிறைவுக்கு. ஒன்றைத் திருப்பினால் மற்றதும் நகரும் என்பதால் மயிரிழை மயிரிழையாக மாறி மாறித் திருப்ப வேண்டும். காலிக்குச் சுமார் 250 ஓம், நிறைவுக்குச் சுமார் 22 ஓம் ரெசிஸ்டர் வைத்து இதைச் செய்யலாம். ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு முள் ஓய்வதற்குக் காத்திருக்கத் தெரியாதவர் இதில் கைவைக்காதிருப்பது நல்லது. புதிதாக விற்கும் டேங்க் யூனிட்டுகளில் ஓம் கணக்கு ஒத்துப்போகாதவை நிறைய. பழையது வேலை செய்தால் அதைத் துடைத்து மாட்டுவதே மேல்.

ஸ்பீடோ முள் குதித்தால் அநேகமாகக் கேபிள்தான். வளைவு 15 சென்டிமீட்டர் ஆரத்தைவிட இறுகியிருக்கக் கூடாது. உள்கம்பிக்கு கிரீஸ் லேசாகத் தடவுங்கள், மேல் முனையில் 20 சென்டிமீட்டருக்கு மட்டும் தடவாதீர்கள். சுழற்சியில் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய் முள்ளைப் பிடித்துக்கொண்டால், நூறு ரூபாய் வேலையாக இருந்தது மீட்டரைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.