மருந்துச் சீட்டு எழுதாத கிளினிக்: தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கிளினிக். பெயர் போடவில்லை, போட்டால் வேறு வம்பு. சாயங்காலம் ஷட்டர் தூக்கும்போதே இருபது பேர் நிற்பார்கள். எப்போதும் கூட்டம், கைராசிக்காரர், 200 ரூபாயில் ஊசி மாத்திரை எல்லாம் முடிந்துவிடும். இதை வைத்துத்தான் பதினைந்து வருடமாக அவரை நல்ல டாக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு டோக்கன் 17. "என்னம்மா, எத்தினி நாளா?" என்றார். "ரெண்டு நாளா சார், ஒடம்பெல்லாம் அடிச்சிப் போட்டாப்பல இருக்கு." அவ்வளவுதான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நான் வாயெடுப்பதற்குள் அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டார். ஸ்டெதஸ்கோப் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு பையன் இரண்டு ஊசி போட்டான். என்ன ஊசி என்று கேட்டேன். "காய்ச்ச ஊசிண்ணா." மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து மூன்று வெள்ளைக் கவரில் போட்டு, மேலே பேனாவால் 1-0-1 என்று எழுதிக் கொடுத்தான். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ் கலரில் பாதி.

ராத்திரியே அம்மா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். மறுநாளும் போய் ஊசி. அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் வயிற்று வலி, வாந்தி. பல் விளக்கும்போது ஈறில் ரத்தம். ஆட்டோ பிடித்து ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

டெங்கு. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டிய பிளேட்லெட் 42 ஆயிரம். சர்க்கரை 412. "என்ன ஊசி போட்டாங்க, சீட்டு எங்க?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். மூன்று கவரையும் நீட்டினேன். உள்ளங்கையில் கொட்டிப் புரட்டிப் பார்த்தார். "இத வெச்சு நான் என்னன்னு கண்டுபிடிக்கிறது?"

டெங்குவில் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால்தான். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி ஊசி போட்டால் ரத்தக்கசிவு அதிகமாகும் என்றார். ஸ்டீராய்டு போட்டால் வலி, காய்ச்சல் எல்லாம் பறந்துவிடும், சர்க்கரை எகிறும். காய்ச்சல் விடுகிற சமயம்தான் டெங்குவில் ஆபத்தான சமயமாம். நாங்கள் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினோம்.

அந்த ஊசியில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அதனால் ஸ்டீராய்டு போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன போட்டார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை, என் புகார் அதுதான். திரும்பப் போய்க் கேட்டேன். "சீட்டு எழுதுற பழக்கம் இல்லப்பா. ஏன், ஊசி போட்டதும் காய்ச்ச நின்னுச்சா இல்லியா?" என்றார். நின்றதுதான்.

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம் என்று பார்த்தால் அவருடைய பதிவு எண் கையில் இல்லை. 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி அதைக் கிளினிக்கிலும் சீட்டிலும் போட்டாக வேண்டும். சீட்டே இல்லை. போர்டில் பெயர், பட்டம், 'ஞாயிறு விடுமுறை' எல்லாம் இருக்கிறது, எண் மட்டும் இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் முதலில் அதைத் தேடுங்கள். மாத்திரையை அட்டையோடு கேளுங்கள். சீட்டு இல்லாமல் ஊசிக்குக் கை நீட்டாதீர்கள்.

எங்கள் மேலும் தப்பு உண்டு. பக்கத்திலேயே நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு வெறும் பாராசிட்டமால் கொடுப்பார்கள் என்று அம்மா போக மாட்டாள். ஊசி போடாதவர் அவள் கணக்கில் டாக்டரே இல்லை.

ஐந்து நாள் வார்டில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஊசி போட்ட அன்னிக்கு நல்லாத்தான்டி இருந்தேன். அவரு கைராசிதான், எனக்குத்தான் நேரம் சரியில்ல."