ஊட்டிக் குளிரில் பழைய மாருதியின் ஹீட்டர்: எதை முதலில் மாற்றுவது?

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடிகாலையில் காரை எடுக்கிறவர்களுக்கு ஹீட்டர் சொகுசுச் சாமான் இல்லை. தலைக்குந்தா பக்கம் புல் முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். நாலு பேர் ஏறிக் கதவைச் சாத்தினால் இரண்டே நிமிடத்தில் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி பிடித்துவிடும். ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவது ஆபத்தான வேலை. என் அம்மாவை மாதம் ஒருமுறை கோவைக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும், ஆறு மணிக்கே கிளம்பினால்தான் டோக்கன் கிடைக்கும். அதனால் ஹீட்டர் விஷயத்தில் நான் விளையாட்டாக இருக்க முடியாது.

என்னுடையது 2004 மாடல் மாருதி 800 ஏசி. கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி மேலே கொண்டு வந்தது. வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே ஒரு விசித்திரம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது ஹீட்டர் ஓரளவு சூடாக வரும், இறங்கும்போது பச்சைக் காற்றுதான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். போனெட்டைக்கூடத் திறக்காமல், "காயில் போயிடுச்சு சார், டேஷ்போர்டு கழட்டணும், ரெண்டு நாள் ஆகும்" என்றார்கள். நல்லவேளை, கையில் அப்போது பணம் இல்லை.

பணம் சேரும்வரை நானே தோண்ட ஆரம்பித்தேன். ஹீட்டருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எந்தக் கோளாறுக்குப் பொருந்தும், எதில் காசு வீண் என்று அப்போது தெரிந்துகொண்டதுதான் இது. பழைய மாருதி, சான்ட்ரோ, இண்டிகா என்று எதை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்கு வெப்பமாகப் போகிறது. அந்தச் சுடுதண்ணீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குக் கொண்டு போய், அதன்மேல் புளோயர் காற்றை அடிக்கிறார்கள். அந்தக் குட்டி ரேடியேட்டரைத்தான் மெக்கானிக்குகள் ஹீட்டர் காயில் என்கிறார்கள்.

எதை மாற்றுவது என்று பேசுவதற்கு முன்னால் ஒரு சோதனை. செலவே இல்லை. வண்டியை இருபது நிமிடம் ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, போனெட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள் நுழையும் அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர்ப் பக்கம் சரி, கோளாறு காற்றுப் பக்கம். ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று வெதுவெதுப்பு என்றால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது சுடுதண்ணீரைத் திறந்து மூடும் வால்வு உள்ள கார்களில் அது சரியாகத் திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுக்கும் வால்வு), அல்லது தண்ணீர் குறைவு, அல்லது ஏர் லாக், அதாவது தண்ணீர் ஓடும் வழியில் காற்று சிக்கி நிற்பது.

என் காரில் இரண்டும் வெதுவெதுப்பு. அப்படியானால் காயிலின் மேல் பழி போட வழியே இல்லை.

மேல் ரேடியேட்டர் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில் இரண்டு போல்ட் போட்ட ஒரு மூடி இருக்கும். இன்ஜின் ஆறின பிறகு அதைக் கழட்டிப் பார்த்தால் உள்ளே வெறும் ஓட்டை, தெர்மோஸ்டாட் வால்வே இல்லை. சமவெளியில் இது ரொம்பச் சகஜம். மே மாத வெயிலில் ஒருமுறை வண்டி சூடாகியிருக்கும், எங்கே ஒழுகுகிறது, ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்காமல், "வால்வை எடுத்துட்டா இன்ஜின் கூலா ஓடும்" என்று எடுத்துத் தூர எறிந்திருப்பார்கள். கோவை வெயிலில் அந்தக் குறை தெரியாது. மலைக்கு வந்த பிறகுதான் தெரியும். ஏற்றத்தில் இன்ஜின் முக்கி முக்கி வேலை செய்வதால் தண்ணீர் எப்படியோ சூடாகிவிடும். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது இன்ஜினில் சூடே பிறக்காது, வால்வு இல்லாததால் தண்ணீர் முழுதும் ரேடியேட்டரைச் சுற்றி ஜில்லென்று ஆகிவிடும். ஏறும்போது சூடு, இறங்கும்போது பச்சைக் காற்று என்ற அந்தப் புதிருக்கு விடை இதுதான்.

ஹீட்டர் மட்டும் பாதிக்கவில்லை. எம்பிஎஃப்ஐ வண்டிகளில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில், இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் பெட்ரோலைக் கூடுதலாக விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறைகிறது என்று நான் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்ததற்கும் இதுவே காரணம்.

ஆகவே முதல் போட்டி, தெர்மோஸ்டாட்டா, காயிலா? என் தீர்ப்பில் சந்தேகமே இல்லை. தெர்மோஸ்டாட் சில நூறு ரூபாய்ச் சாமான், அந்த மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட்டையும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. காயில் மாற்ற டேஷ்போர்டை இறக்க வேண்டும், சாமான் விலையைவிடக் கூலி அதிகம், பழைய பிளாஸ்டிக் கிளிப்புகளில் பாதி உடையும், அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கடகடவென்று ஒரு சத்தம் மிஞ்சும். காயில்தான் என்று ஹோஸ் சோதனை சொல்லாதவரை டேஷ்போர்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

வால்வு இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறதா என்று சந்தேகம் என்றால் அடுப்படியில் பார்த்துவிடலாம். நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில், அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்க வேண்டும். வால்வின் தகட்டில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும், அது திறக்க ஆரம்பிக்கும் வெப்பநிலை. ஊட்டிக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறவே ஏறாது. 88 வால்வு முழுதாகத் திறக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஆகவே தளதளவென்று கொதிக்கும் தண்ணீரிலும் அது கொஞ்சம்தான் வாய் திறக்கும். பழுது என்று நினைத்து நல்ல வால்வைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கொஞ்சம் திறந்து, ஆறியதும் மூடினால் போதும். திரும்ப மாட்டும்போது வால்வின் தகட்டில் ஆடிக்கொண்டிருக்கும் சின்னப் பின் மேல்பக்கம் இருக்க வேண்டும், காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான்.

ஏர் லாக்கை எடுக்கக் காசே வேண்டாம். ஆறிய இன்ஜினோடு வண்டியை மூக்கு மேடு பார்க்க நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓட விடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடினால் சரி. ரேடியேட்டர் மூடியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும், அந்த இடத்தில் காற்று புகும், ஹீட்டர் மறுபடி நின்றுவிடும். எத்தனை முறை காற்றெடுத்தாலும் திரும்பத் திரும்ப ஏர் லாக் ஆகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அது பெரிய வேலை, ஹீட்டரை மறந்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

காயில்தான் அடைத்திருக்கிறது என்று உறுதியானால், கழுவுவதா மாற்றுவதா என்பது உண்மையான போட்டி. அடைப்பு பெரும்பாலும் நம் பழக்கத்தால் வருவது. ஆழ்குழாய் உப்புத் தண்ணீரை வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பும் துருவும் கட்டும். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போட்டு அடைக்கும் வழக்கம் டிரைவர்களிடம் உண்டு. அவசரத்துக்குக் கை கொடுக்கும்தான், ஆனால் அந்தத் தூள் காயிலின் மெல்லிய குழாய்களிலும் போய்ச் சேர்ந்துவிடும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவங்களும் அப்படித்தான்.

கழுவுவதற்கு இரண்டு ஹோஸையும் கழட்டி, தண்ணீர் வழக்கமாக வெளியே வரும் குழாயில் தோட்டக் குழாயைச் செருகி மெதுவான அழுத்தத்தில் விட வேண்டும், அதாவது எதிர்த்திசையில். தெளிவாக வரும்வரை திசையை மாற்றி மாற்றி விடலாம். என் நண்பரின் பழைய ஆம்னியில் முதலில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை, அப்புறம் செங்கல் நிறத்தில் குழம்பு மாதிரி கொட்டியது, கால் மணி நேரத்தில் தெளிந்தது. போகாத சுண்ணாம்புக்கு வெந்நீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டை அரை மணி விட்டு நன்றாக அலசலாம். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். இதைவிட முக்கியம், பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், காயிலின் குழாய் பிய்ந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஹோஸை நீளவாக்கில் பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள்.

கழுவுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. அரித்துப்போன காயிலில் ஓட்டையை மூடிக்கொண்டிருப்பதே அந்தத் துருவாக இருக்கலாம், கழுவியதும் ஒழுக ஆரம்பிக்கும். இதைக் கழுவுவதற்கு முன்பே காருக்குச் சொந்தக்காரரிடம் மெக்கானிக் சொல்லிவிட வேண்டும். இந்த ஆபத்தோடு சேர்த்துப் பார்த்தும் முதலில் கழுவிப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து, மாற்றுவது கடைசியாக.

மாற்றியே ஆக வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. இடப்பக்க முன்சீட்டின் கால்மிதி நனைந்திருக்கும், உள்ளே இனிப்பான ஒரு வாடை வரும், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு படியும். இது காயில் ஒழுகுவது. பித்தளை, செம்புக் காயில் என்றால் ரேடியேட்டர் கடையில் பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது என்றால் புதிதுதான். டேஷ்போர்டு இறங்கியிருக்கும்போதே ஹோஸ், கிளிப், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் இரண்டாவது கூலி மிச்சம். கூலன்ட் (வெறும் தண்ணீருக்குப் பதிலாக ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், அது இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும், நக்கினால் பிழைப்பது கஷ்டம்.

இரண்டு ஹோஸும் கொதித்தும் காற்று குளிராக வந்தால், டேஷ்போர்டு அடியில், சூடு-குளிர் லீவரோடு சேர்ந்த கேபிளின் கிளிப் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால், அதன் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் எரிந்திருக்கும், சின்னச் செலவு.

இன்னும் இரண்டு வழிகளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஒன்று, காயிலைத் துண்டித்து இரண்டு ஹோஸையும் நேராக இணைத்துவிடுவது. ஒழுகலோடு நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர இது நல்ல வழி, ஆனால் மலையில் அப்படியே குளிர்காலத்தை ஓட்டக் கூடாது. இன்னொன்று, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் 12 வோல்ட் ஹீட்டர். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் வழக்கமாக 15 ஆம்பியர், மிஞ்சிப்போனால் 180 வாட். தலை காய வைக்கும் ஹேர் டிரையரே 1,000 வாட்டுக்கு மேல். நல்ல காயில் தருவது சில ஆயிரம் வாட். கண்ணாடியில் ஒரு கை அகலம் தெளிவதற்குள் ஒயர் சூடாகிவிடும். இதை வாங்கவே வேண்டாம்.

நான் கடைசியில் செய்தது புது தெர்மோஸ்டாட், புது ரேடியேட்டர் மூடி, வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட், அவ்வளவுதான். டேஷ்போர்டை யாரும் தொடவில்லை. வெப்பநிலை முள் இப்போது நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து அசையாமல் நிற்கிறது. போன மாதம் ஆறு மணிக்குக் கிளம்பினோம், வெளிக்காற்று பொசிஷனில் வைத்து, ஏசியையும் சேர்த்துப் போட்டதில் கண்ணாடி சீக்கிரம் காய்ந்துவிட்டது. குன்னூர் தாண்டி இறங்கும்போது அம்மா ஸ்வெட்டர் பட்டனைக் கழட்டினார்.