செஸ் கிளாக்: பேட்டரி மூடியும் இரண்டு நொடி மூவும்

அபார்ட்மெண்ட் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நான் என் வகுப்பில் வைத்திருக்கும் அதே டிஜிட்டல் செஸ் கிளாக் (இரண்டு ஆட்டக்காரர்களின் மீதி நேரத்தையும் தனித்தனியே காட்டுவது) விலை இறங்கியிருக்கிறது, நாலைந்து வாங்கிப் போடலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் அதை மறுபடியும் ரிப்பேர் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன்.

திட்டித் தீர்த்துவிட்டே மற்றதைச் சொல்கிறேன். அடியில் இரண்டு ஏஏ பேட்டரி, அதற்கு ஒரு மூடி. மூடியைப் பிடித்து நிறுத்துவது நகக்கண் அளவு பிளாஸ்டிக் கொக்கி. காய் நகர்த்தியதும் பெரியவர்கள் கிளாக்கை அழுத்துவார்கள். எட்டு வயதுப் பையன் அடிப்பான். செக் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த அடியில் பேட்டரி ஒரு நூல் நகரும், திரை அணையும். மறுபடி உயிர் வரும்போது இரண்டு பக்கமும் பூஜ்யம். “சார், எனக்குப் பதினோரு நிமிஷம் இருந்துச்சு.” “பொய் சார், ஒம்போதுதான்.” கிளாக் பழுதானால் மாற்றுக் கிளாக்கில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதை ஆர்பிட்டர், அதாவது ஆட்ட நடுவர், யோசித்து முடிவு செய்யலாம் என்று ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதி சொல்கிறது. என் வகுப்பில் ஆர்பிட்டரும் நான்தான், பஞ்சாயத்தும் நான்தான். நேரத்தை நிமிடம், நொடி, இன்கிரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூடுதலாகச் சேரும் நொடிகள்) என்று ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் பலகையில் காயை நகர்த்தி வைத்திருப்பார்கள். மொபைல் ரிப்பேர்க் கடைக்காரர் ஸ்ப்ரிங்கை நிமிர்த்தி, ஈயம் வைத்துத் தந்தார். “இதென்ன சார், டைம் பாமா?” என்றார். ஒருவிதத்தில் அப்படித்தான்.

ஆனால் இதை வாங்கும்போது நான் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. வகுப்பில் நான் வைப்பது 15 நிமிடம், மூவுக்கு 10 நொடி இன்கிரிமென்ட். ஒரு பையன் 28ஆவது மூவில் மேட் வாங்கித் தோற்றான். அவன் பக்கம் 17 நிமிடத்துக்கு மேல் காட்டுகிறது. ஆரம்பித்ததைவிட அதிகம்! கணக்குப் போட்டால் மொத்த ஆட்டத்துக்கும் அவன் செலவழித்தது ஏறக்குறைய இரண்டரை நிமிடம், மூவுக்கு ஐந்தாறு நொடி. “நல்லா யோசிச்சுத்தான் சார் ஆடினேன்” என்று அவன் சொல்லும்போது நான் வாயைத் திறக்கவே தேவையில்லை, திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதற்கு அப்புறம் வருகிற பிள்ளைகள் பலர் போனில் மூன்று நிமிட ஆட்டம் ஆடிப் பழகியவர்கள். காய் எப்படிப் போகும் என்று தெரியும். எதிராளி இப்போது எதற்கு இந்த மூவ் ஆடினான் என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்காது. “பொறுமையா ஆடு” என்று தொண்டை வற்றக் கத்தினாலும் ஏறாது. அதனால் ஒவ்வொரு மூவையும் எழுதும்போது பக்கத்திலேயே கிளாக்கில் மீதி நேரத்தையும் எழுதச் சொன்னேன். நோட்டேஷன் ஷீட்டில் நேரம் எழுத விதியிலும் தடையில்லை. ஒரு பையனின் ஷீட்டில் 12ஆவது மூவுக்கு எதிரே 16:40, 13க்கு எதிரே 16:48. பத்து நொடி சேர்ந்தும் எட்டுதான் ஏறியிருக்கிறது என்றால் இரண்டே நொடியில் ஆடியிருக்கிறான். ராணி பறிபோனதும் அந்த 13இல்தான். குதிரை அவளைக் குறிவைத்து நின்றது. அவன் பாட்டுக்குச் சிப்பாயைத் தள்ளியிருக்கிறான். இப்படி நாலைந்து ஷீட்டைப் பார்த்த பிறகு அவனாகவே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான். ஓப்பனிங் (ஆட்டத் தொடக்க மூவ்கள்) வரிசையை மனப்பாடம் செய்ய வைத்து நான் சாதிக்காததை இந்த ஓட்டைக் கிளாக் சாதித்துவிட்டது.

போன் ஆப் போதாதா என்றும் நண்பர் கேட்டார். நேரம் பார்க்கப் போதும். ஆனால் முதல் டோர்னமென்டில் பிள்ளைகள் தடுமாறுவது கையில். காய் நகர்த்திய அதே கையால்தான் கிளாக்கை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் எதிராளி ஞாபகப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, நம் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் நிஜக் கிளாக்கில் பழகினால்தான் வரும். தவிர, ஆட்டத்தின் நடுவே அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப் வராது.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்குச் சொன்ன பதில்: வாங்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் இந்த மாடல் வேண்டாம். மூடிக்கு ஸ்க்ரூ உள்ளதாக, இன்கிரிமென்ட் வைக்க முடிவதாக வேறு ஒன்று பாருங்கள். முதலில் ஒன்று போதும். பழைய முள் கிளாக் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதீர்கள், அதில் இன்கிரிமென்ட் வராது. இன்றைய கோபத்தில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்.

“அப்போ உங்களுதை எனக்குத் தள்ளிவிட்டுடுங்க” என்றார். அது மட்டும் நடக்காது. சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது.