விண்டோஸ் விஎம்முக்கு விர்ட்ஐஓ நெட்வொர்க் டிரைவர்: கண்டிப்பா போடுங்க

ப்ராக்ஸ்மாக்ஸ்ல (ஒரே மெஷினுக்குள்ள பல விர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம், ஓட்டுற சாஃப்ட்வேர்) விண்டோஸ் விஎம் ஓட்டுறவங்க நிறைய பேரு நெட்வொர்க் கார்டு மாடல்ல இன்டெல் இ1000னு இருக்கறத அப்படியே விட்டுடறாங்க, விண்டோஸ் தானா டிரைவர் எடுத்துக்கும், நெட் வருது, அது போதும்னு. அப்புறம் ஃபைல் காப்பி இழுத்தா ரவுட்டர திட்டுறது. நான் வீட்டு லேப்ல விஎம்முக்குன்னே செஞ்ச விர்ட்ஐஓங்கற கார்டு மாடலுக்கு மாத்தி ரொம்ப நாளா ஓட்டுறேன், அதை வெச்சு சொல்றேன்.

இ1000ங்கறது ஒரு பழைய இன்டெல் சிப்பு மாதிரி சாஃப்ட்வேர் போடுற வேஷம். விஎம் அந்த கார்டோட ரெஜிஸ்டர தொடுறப்பல்லாம் சிபியூ விஎம்ம விட்டு வெளிய வந்து ஹோஸ்ட்ட (விஎம் ஓடுற நிஜ மெஷின) கேட்டுட்டு திரும்பி உள்ள போகணும், நிறைய சக்தி அதுலயே போயிடும். விர்ட்ஐஓல அந்த வேஷம் கிடையாது, நாம இருக்கறது விஎம்னு டிரைவருக்கே தெரியும், ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு மெமரி க்யூ வெச்சு பாக்கெட்ட மொத்தமா கைமாத்திக்குது.

ஸ்பீட் பாக்கறேன்னு அடாப்டர் ஸ்டேட்டஸ திறந்து பாக்காதீங்க. இ1000 போட்டா 1 ஜிபிபிஎஸ், விர்ட்ஐஓ போட்டா 10னு காட்டும், ரெண்டுமே டிரைவர் சொல்ற நம்பரு, யாரும் அளந்தது இல்ல. ஸ்பீட நிஜமா அளக்கற ஐபெர்ஃப்3 டூல போடுங்க, 5201 போர்ட்ட ஃபயர்வால்ல திறந்து விட்டுட்டு அரை நிமிஷமாவது ஓட்டுங்க, ரிவர்ஸ்லயும் ஓட்டுங்க, ஏன்னா அனுப்பறது நல்லா இருந்து வாங்கறது மட்டும் படுத்துக்கற கேஸ் நிறைய உண்டு. வெளி மெஷினுக்கு 1 ஜிகாபிட் ஒயர்ல 940 எம்பிபிஎஸ் கிட்ட வந்துட்டா அதான் ஃபுல் ஸ்பீடு, மீதி ஹெடருக்கு போயிடும். ஒரே ஹோஸ்ட்ல இருக்கற ரெண்டு விஎம்முக்கு நடுவுல ஒயரே கிடையாது, அங்க ஓட்டிப் பாருங்க, ஹோஸ்ட் சிபியூவையும் பக்கத்துலயே கவனிங்க, ரெண்டு மாடலுக்கும் உள்ள வித்தியாசம் அப்பதான் நல்லா தெரியும்.

குறைன்னா இன்ஸ்டால்தான். விண்டோஸ் கூட இந்த டிரைவர் வராது, விர்ட்ஐஓ-வின்ங்கற டிரைவர் டிஸ்க் ஃபைல (ஐஎஸ்ஓ) விஎம்ல தனியா மாட்டி நெட்கேவிஎம் ஃபோல்டர காட்டணும். மாடல மாத்தினதும் விண்டோஸ் அதை புது கார்டாதான் பாக்கும், ஸ்டாட்டிக் ஐபி பழைய கார்டோடயே தங்கிடும். அதனால ஐபிய முன்னாடியே எழுதி வெச்சுக்கோங்க, ரிமோட் டெஸ்க்டாப்ல உக்காந்துகிட்டு மாத்தாதீங்க, கன்சோல் வழியா போங்க, டிவைஸ் மேனேஜர்ல ஹிட்டன் டிவைஸ காட்ட சொல்லி பழசையும் தூக்கிடுங்க.

மல்டிக்யூ (ஒரே கார்டுக்கு பல க்யூ வைக்கறது) ஒரே சமயத்துல நிறைய கனெக்‌ஷன் வாங்கற சர்வருக்கு நல்லது, விஎம்முக்கு குடுத்த சிபியூ (விசிபியூ) எத்தனையோ அத்தனை வைங்க. ஒத்த ஃபைல் காப்பிக்கு அதுல ஒண்ணும் ஏறாது. எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச சைஸ், பைட்ல) 9000லாம் வழியில இருக்கற பிரிட்ஜ், சுவிட்ச், அந்தப் பக்க மெஷின் எல்லாத்துலயும் மாத்த முடிஞ்சா மட்டும் தொடுங்க, இல்லன்னா 1500 போதும்.

விஎம்வேர்காரங்களுக்கு இதே வேலைய விஎம்எக்ஸ்நெட்3 பாக்கும், டிரைவர் விஎம்வேர் டூல்ஸ்லயே வந்துடும். லினக்ஸ் விஎம்னா விர்ட்ஐஓ டிரைவர் கெர்னல்லயே இருக்கு, மாடல மாத்திட்டு கார்டு பேரு மாறிச்சான்னு மட்டும் நெட்வொர்க் கான்ஃபிக்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.