கோடைக்காலப் பயணமா, முழு செமஸ்டரா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில், அதாவது பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய இரண்டு வருடக் கல்லூரியில், படிப்பவர் ஸ்பெயினுக்குப் போய்ப் படிக்க நினைக்கிறார். பேராசிரியரோடு மூன்று நான்கு வாரக் கோடைக்காலப் பயணம் ஒன்று, முழு செமஸ்டர் இன்னொன்று.

அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் 90 நாளுக்குள் முடியும் படிப்புக்கு ஸ்பெயின் விசா தேவையில்லை. செமஸ்டர் அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். மாணவர் விசாவுக்குக் கான்சுலேட், காப்பீடு, கையில் பணம் இருப்பதற்கான சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

மொழி நாக்கில் படிய செமஸ்டருக்கு ஈடில்லை, மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு வருடப் படிப்பில் மொத்தமே 60 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பெண் அலகு). செமஸ்டர் போனால் அதில் கால் பங்கு வெளிநாட்டில். பிறகு சேரப்போகும் பல்கலைக்கழகம் அவற்றை ஏற்குமா? கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள், வாய்ச்சொல் போதாது.

அப்புறம் வேலை. மாலையில் கடையில் நின்று வாடகை கட்டுபவருக்கு நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் போவது பெரிய அடி. அவருக்கு நான் கோடைப் பயணத்தைத்தான் சொல்வேன். வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் கிராண்ட் வாங்கும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டில் படிக்க அதே அரசு தரும் கில்மன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், 5,000 டாலர் வரை கிடைக்கும். கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கும் அது உண்டு. பலர் தங்களுக்கில்லை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.