அளவுக் கருவியின் முள் ஆடியதைக் காட்டி 41,500 ரூபாய் பறித்துவிட்டார்கள்: வடசென்னை வண்டிக்காரர்கள் கவனத்துக்கு

காசிமேட்டிலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றிப் பிழைப்பவன் நான். இருப்பது ஒரே வண்டி. அதன் என்ஜினுக்கு 41,500 ரூபாய் கொட்டிக் கொடுத்தேன். இன்று அதே என்ஜின் மறுபடியும் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

வண்டி ஆயில் குடித்தது, நீலப் புகை கக்கியது. லேத், போரிங் (சிலிண்டரைக் கடைவது), ஹோனிங் (கடைந்ததை மெருகேற்றுவது) எல்லாம் ஒரே கூரையின் கீழ் செய்யும் பட்டறை ஒன்றில் விட்டேன். பெயர் வேண்டாம். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார்கள். முதலாளி வெல்வெட் பெட்டியைத் திறந்து சிலிண்டரின் உள் விட்டத்தை அளக்கும் ஒரு டயல் போர் கேஜை எடுத்தார். நீளத் தண்டு, மேலே கடிகாரம் போல ஒரு டயல். அதைச் சிலிண்டருக்குள் இறக்கி முன்னும் பின்னும் சாய்த்தார். முள் சரசரவென்று ஓடித் திரும்பியது.

“பாருங்கள் அண்ணா, ஐம்பது கோடு ஓடுகிறது. ஒரு கோடு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது. நான் சொல்லவில்லை, கருவி சொல்கிறது” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை விழுங்கியது. மனிதன் பொய் சொல்லலாம், முள் எப்படிச் சொல்லும்? நான்கு சிலிண்டரையும் கடைந்து 0.50 மில்லிமீட்டர் பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சம்மதித்தேன். பணம் முழுவதையும் முன்பே வாங்கிக்கொண்டார்கள். கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு.

வண்டி வெளியே வந்தது. புகை முன்பைவிட அதிகம். போய்க் கேட்டேன். “பிஸ்டனைச் சுற்றியிருக்கும் புது ரிங் படியும் வரை அப்படித்தான், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள்” என்றார். ஓட்டிவிட்டுப் போனேன். “நீங்கள் ஊற்றிய ஆயில் போலி.” ஆயிலை மாற்றிவிட்டுப் போனேன். “அதற்குள் யார் உங்களை லோடு ஏற்றச் சொன்னது?” லோடு ஏற்றாமல் வண்டியை எதற்கு வைத்திருக்கிறேன்? பிறகு தொலைபேசியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நேரில் போனால், கடைந்த ஆள் ஊருக்குப் போயிருக்கிறான் என்று ஒரு பையன் வந்து சொல்கிறான். 41,500 ரூபாய் வாங்கிய கைக்கு ஒரு பதில் சொல்ல வாய் இல்லை.

தண்டையார்பேட்டையில் படகு என்ஜின் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அன்று பட்டறையில் என் தம்பி செல்போனில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினேன். பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“தம்பி, இந்தக் கேஜ் தானாக எந்த அளவையும் சொல்லாது. மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியை சிலிண்டரின் அளவுக்கு வைத்து, அதற்குள் கேஜைப் பிடித்து முதலில் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். அவன் வைக்கவே இல்லை. சாய்த்தால் புத்தம் புது சிலிண்டரிலும் முள் ஆடத்தான் செய்யும். ஆடி எங்கே நின்று திரும்புகிறதோ, அந்த இடம்தான் கணக்கு. ஓடிய தூரமா தேய்மானம்?”

பிறகு சிலிண்டர்கள் இருக்கும் என் என்ஜின் பிளாக்கில் அவரே அளந்து காட்டினார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம். ஒவ்வொன்றிலும் கிராங்க் தண்டு ஓடும் வாட்டத்தில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை. சிலிண்டருக்கு ஆறு அளவு. குறுக்குக்கும் நெடுக்குக்கும் வித்தியாசம் இருந்தால் வட்டம் கெட்டிருக்கிறது. மேலுக்கும் கீழுக்கும் இருந்தால் சரிவு. என் நான்காவது சிலிண்டரில் மேலுக்கும் கீழுக்கும் 0.06 மில்லிமீட்டர் வித்தியாசம். புதிதாகக் கடைந்ததில் இவ்வளவு சரிவா என்று அவருக்கே கோபம் வந்துவிட்டது. முதலில் என் வண்டிக்கு ரிங் மட்டும் மாற்றியிருந்தாலே போதுமா என்று கேட்டேன். கடைந்தெடுத்த இரும்பு திரும்பி வராது, இனி யாரும் அதைச் சொல்ல முடியாது என்றார். அடுத்த ஓவர்சைஸுக்குத்தான் போக வேண்டுமாம். கடையும் கூலியும் பிஸ்டனும் மறுபடியும் முதலிலிருந்து. 41,500 ரூபாய்!

நிறைய எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்முன் மைக்ரோமீட்டரில் பூஜ்ஜியம் வைக்காத கேஜை நம்பாதீர்கள். ஆறு அளவையும் தாளில் எழுதி வாங்குங்கள், கடைவதற்கு முன்னும் பின்னும். பழைய பிஸ்டன்களைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதை இன்னும் தரவில்லை. சரியான பில் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் பேசிவிட்டேன், அடுத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். இதே போல் முள்ளை நம்பிப் பணம் பறிகொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே கொடுப்போம்.