சுங்கை சிப்புட் செடிக்கடை அக்கா காப்பாற்றிய மான்ஸ்டெரா

வேறொரு கடையில் 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கிய மான்ஸ்டெரா, அதாவது பிளவுபட்ட பெரிய இலை விடும் அழகுச்செடி, மூன்றே வாரத்தில் மஞ்சளடித்துவிட்டது. மனசு கேட்கவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் செடி விற்கும் அக்காவிடம் தூக்கிக்கொண்டு போனேன். தொட்டியைக் கவிழ்த்தார், வேர் கறுத்துக் கொழகொழவென்று, ஒரே நாற்றம். அழுகியதை வெட்டி, களிமண்ணை உதறி, தேங்காய் நார், கரித்துண்டு, பெர்லைட் (மண்ணில் தண்ணீர் தேங்காமல் இருக்கப் போடும் வெள்ளைப் பொரிகல்) கலந்து நட்டார்.

"விரல விட்டுப் பாரு தம்பி, ரெண்டு அங்குலம் காஞ்சிருந்தா மட்டும் தண்ணி ஊத்து. வெளிச்சம் வேணும், உச்சி வெயில் ஆகாது."

மெக்சிகோ காட்டில் மரமேறும் கொடி இது என்று சொல்லி ஒரு கம்பும் ஊன்றிக் கொடுத்தார். மொத்தம் 12 வெள்ளிதான்! இப்போது புது இலை சுருள் பிரிகிறது, ஓரத்தில் முதல் பிளவோடு. பூனை வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வையுங்கள், கடித்தால் அதன் வாய் எரியும். திங்கட்கிழமை கடை கிடையாது.